வேளச்சேரி பக்கம் இருக்கிறவங்க கொஞ்சம் கை கொடுங்க

எல்லாருக்கும் வணக்கம். கொரோனாவால 2021 மே 24-லிருந்து தளர்வில்லா ஊரடங்கு, மளிகைக் கடையும் மூடியாச்சு. காய்கறி வண்டி மெயின் ரோட்டோட போயிடுது, சந்துக்குள்ள வர்றதில்ல. எங்க தெருவுல மூணு வீட்டுல கொரோனா பாசிட்டிவ். அதுல ஒரு வீட்டுல தாத்தா, பாட்டி ரெண்டு பேர் மட்டும், பிள்ளைங்க வெளிநாட்டுல. பாட்டிக்குச் சர்க்கரை வேற, நேரத்துக்குச் சாப்பாடு போயாகணும்.

மதியச் சாப்பாட்டை நாங்க பார்த்துக்கறோம். ராத்திரிக்கு இட்லியோ கஞ்சியோ யாராவது தர முடியுமா? காரம் வேண்டாம். பையை கேட்டுல மாட்டிட்டு, தள்ளி நின்னு போன் பண்ணா போதும். பாசத்துல உள்ள போய் உட்கார்ந்துடறவங்களை நெனச்சாதான் எனக்குப் பயம்.

சும்மா கிடக்கிற பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தா ரெண்டு வாரம் இரவல் கொடுங்க. ஆக்சிஜன் 94-க்குக் கீழ இறங்குதான்னு பார்க்கணும். பக்கத்து மெடிக்கல்ல ஸ்டாக் இல்ல.

இன்னொண்ணு. கொரோனா தடுப்பூசி போட்டா 14 நாளைக்கு ரத்தம் கொடுக்க முடியாது. இன்னும் போடாத தம்பி தங்கச்சிங்க, ஊசிக்கு முன்னாடியே ஒரு தடவை ரத்த வங்கிக்குப் போயிட்டு வந்துடுங்க.

பணம் யாரும் அனுப்ப வேண்டாம், ஆள்தான் தேவை. எந்தக் கிழமை முடியும்னு கீழ பேரோட போடுங்க. ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் யாரும் இல்ல.