மல்லிப்பட்டினம் பக்கம் புது இறால் பண்ணை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் மல்லிப்பட்டினம் அருகே, மனோரா கோட்டைக்குப் பக்கம். பாக் விரிகுடாவின் இந்தக் கரையில் பெரிய அலை கிடையாது, குளம் போலத்தான் இருக்கும். அந்த அமைதியான ஆழமில்லாத நீரில்தான் கடற்புல் வளர்கிறது. அதை மேயத்தான் ஆவுளியா, அதாவது கடல்பசு, வருகிறது. வளர்ந்த ஒன்று நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் புல் தின்னும். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அதுவும் சில வருடங்களுக்கு ஒருமுறைதான். ஒன்று செத்தாலும் பெரிய இழப்பு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டோம்.

இப்போது கழிமுகத்துக்கு அருகே புதிதாக ஒரு இறால் பண்ணை வெட்டுகிறார்கள். கழிவுநீர் கடலுக்கு வந்து நீர் கலங்கினால் வெயில் அடிமட்டம் வரை இறங்காது, புல் கருகிவிடும். கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை ஏற்கனவே அதை வேரோடு வாரிக்கொண்டு போகிறது.

பண்ணைக்குப் பதிவு இருக்கிறதா என்று எங்கே கேட்பது? கடலோர மண்டல வரைபடத்தில் எங்கள் சர்வே எண்ணைப் பார்ப்பது எப்படி? தகவல் உரிமை மனு எழுதிப் பழகியவர்கள் ஒரு மாதிரி அனுப்பினால் பெரிய உதவி. அப்புறம், கரையிலிருந்தே நீர்க்கலங்கலை அளக்க எளிய வழி தெரிந்தாலும் சொல்லுங்கள். மழைக்கு முன்னால் அளந்து வைக்க வேண்டும்.