ஆன்டிபயாட்டிக்கோடு புரோபயாட்டிக்: தேவையா, வீண் செலவா?

தேக்காக்காரி:
ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தா, கூடவே புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமி, எடுக்கணுமா? எடுத்தா எது? பேரங்காடிக் குளிர்பெட்டியில இருக்கிற பாட்டில் பானமா, மருந்துக்கடை மாத்திரையா, வீட்டுத் தயிரா? விக்கிறவங்க எல்லாரும் 'எதிர்ப்புச் சக்தி' என்கிறாங்க.

மோர்ச்சட்டி:
எடுக்கலாம் அக்கா, ஆனா பெயரைப் பார்த்து எடுங்க. டப்பாவில 'லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ்' என்று மட்டும் இருந்தா போதாது. பின்னால 'ஜி.ஜி.' மாதிரி வகைக் குறியீடு இருக்கணும், ஏன்னா ஆய்வு நடந்தது அந்த வகையில. உயிருள்ள கிருமி எண்ணிக்கை தயாரிச்ச அன்றைக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்பதையும் பாருங்க. நம்ம ஊர் வெக்கையில முதல் கணக்குக்கு மதிப்பே இல்ல.

பாக்டீரியா வகை என்றா ஆன்டிபயாட்டிக் போட்டு குறைஞ்சது 2 மணி நேரம் கழிச்சு. சாக்கரோமைசிஸ் பூலார்டி ஈஸ்ட், அதாவது பூஞ்சை வகை, என்பதால அதை ஆன்டிபயாட்டிக் கொல்லாது; வழக்கமான அளவு 250 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. பூஞ்சைக்கான மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு மட்டும் அது வீண். எதையும் கொதிக்கிற பால்ல கலக்காதீங்க. ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்ச முதல் 2 நாளுக்குள்ள தொடங்கினாத்தான் பலன் அதிகம்.

கறார்க்கணக்கர்:
இவ்வளவு உறுதியாச் சொல்ற அளவுக்குச் சான்று கிடையாது. 2013-ல் பிரிட்டனில் வெளியான பிளாசிட் ஆய்வைப் பாருங்கள். 65 வயது தாண்டிய 2,941 உள்நோயாளிகள், ஆன்டிபயாட்டிக்கோடு நான்கு வகைக் கிருமிக் கலவை. வயிற்றுப்போக்கு குறையவில்லை. 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது: ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு புரோபயாட்டிக் எடுத்தவர்களின் குடல் கிருமிகள் பழைய நிலைக்குத் திரும்ப, சும்மா இருந்தவர்களைவிட அதிக காலம் பிடித்தது.

மோர்ச்சட்டி:
வைஸ்மான் ஆய்வில மொத்தமே 21 பேர்தான் அண்ணே. அளந்தது கிருமிகளின் கலவையை. யாருக்கு நோய் வந்தது என்பதை இல்ல. பிளாசிட் ஒரு கலவையைத் தோற்கடிச்சது, ஒத்துக்கிறேன். ஒரு சாவி பூட்டைத் திறக்கலைன்னா எல்லாச் சாவியையும் கடல்ல போடுவீங்களா?

வெள்ளையணு:
'எதிர்ப்புச் சக்தி கூடும்' என்ற பேச்சை விட்டுவிடலாம். கூடினால் நல்லது என்பதே தப்புக் கணக்கு. எக்சிமா, ஆஸ்துமா, குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் எல்லாம் தடுப்பாற்றல் வரம்பு மீறிச் செய்யும் வேலை. நல்ல கிருமி கொடுப்பது நிதானம்.

சிறுகுடல் சுவரில் பேயர் திட்டுகள் என்ற இடங்கள் உண்டு. அங்குள்ள எம் செல்கள் கிருமித் துணுக்குகளை உள்ளே கடத்துகின்றன. டென்ட்ரைட்டிக் செல்கள் அவற்றைப் பரிசோதித்து, டி செல்கள், பி செல்கள் என்ற வெள்ளையணுக்களுக்குத் தகவல் சொல்கின்றன. பி செல்களிலிருந்து ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருள் உருவாகிச் சளிப்படலத்தில் காவல் நிற்கிறது. இன்னொரு பக்கம், நார்ச்சத்தைக் கிருமிகள் நொதிக்கவைக்கும்போது பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் கிடைக்கிறது. பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். அழற்சியை அடக்கும் ஒழுங்குமுறை டி செல்கள் பெருகவும் அது உதவுகிறது.

ஒரு சங்கடம்: பியூட்டிரேட்டை அதிகம் தரும் ஃபீக்காலிபாக்டீரியம் போன்றவை கடைச் சரக்கில் வழக்கமாக இருப்பதில்லை. அவற்றுக்கு ஆக்சிஜன் ஆகாது, புட்டியில் அடைத்துக் காப்பது பெரும்பாடு.

கறார்க்கணக்கர்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். உள்ளே இருப்பவற்றுக்குத் தீனி போடுங்கள்: சுண்டல், கேழ்வரகு, முருங்கைக்கீரை, வாழைத்தண்டு. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக. இனிப்புப் பால் பானம் வாங்கினால் சிங்கப்பூரில் பானங்களுக்கு இடும் நியூட்ரி-கிரேட் தர எழுத்தைப் பாருங்கள். 'சி' என்றால் 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல், 10 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம்.

மோர்ச்சட்டி:
தீனி போடுறதுல சண்டை இல்ல. ஆனா ஒடிசாவில பிறந்த குழந்தைகளுக்கு என்ன ஆச்சு? 2017-ல வெளியான ஆய்வு, 4,556 சிசுக்கள். லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரமும் அதுக்கான தீனியும் ஏழு நாள் கொடுத்தாங்க. ரத்தத்தொற்று அல்லது மரணம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமா இறங்குச்சு. அங்கே வேலை செஞ்சது உயிருள்ள கிருமிதானே?

கறார்க்கணக்கர்:
அது 60 நாள் வயதுக்குள் உள்ள சிசுக்களின் கணக்கு. அதைக் காட்டி இங்கே சிங்கப்பூர் ஈசூனில் நாற்பது வயதுக்காரருக்குப் பாட்டில் விற்க முடியாது. நீங்கள் விட்டதை நான் சேர்க்கிறேன்: 2008, நெதர்லாந்து, கடுமையான கணைய அழற்சி. புரோபயாட்டிக் பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத கலவை (பிளாசிபோ) பெற்ற 144 பேரில் 9 பேர்.

தேக்காக்காரி:
சரி, தயிரும் தோசை மாவும்?

வெள்ளையணு:
மாவில் லியூகோநாஸ்டாக் போன்றவை ஏராளம். ஆனால் இட்லிச் சட்டி ஆவியிலும் தோசைக்கல்லிலும் உயிர் பிழைக்காது. மோர்க்குழம்பும் அப்படியே. தயிர், பச்சை மோர், பழைய சோறு இவற்றில்தான் உயிரோடு கிடைக்கும். தயிர்க் கிருமிகள் குடலில் குடியேறுவதில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லாக்டோஸ் செரிக்க உதவுவது மட்டும் நன்றாக நிரூபணமானது.

ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு, ஏறக்குறைய 43 டிகிரிக்கு, ஆறவிட்டு ஒரு தேக்கரண்டி உறை ஊற்றுங்கள். சூடு அதிகமானால் உறையே செத்துவிடும். உறை கூடினால் புளிக்கும். ஏர்கான் அறையில் வைத்தால் இரவெல்லாம் சரியாக உறையாமலே கிடக்கும். உறைந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள்.

மோர்ச்சட்டி:
வீட்டில கீமோ எடுக்கிறவங்க, நரம்பில நிரந்தரக் குழாய் போட்டவங்க, குறைமாதக் குழந்தை இருந்தா, மருத்துவரைக் கேட்காம எதுவும் வேண்டாம். பூலார்டிப் பொட்டலத்தைக் குழாய் உள்ளவங்க பக்கத்தில பிரிக்கவும் கூடாது. பறக்கிற தூளும் கையில ஒட்டினதும் குழாய் வழியா ரத்தத்தில கலந்து பூஞ்சைத் தொற்று வந்திருக்கு.

கறார்க்கணக்கர்:
இதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. அந்த 2 நாள் கணக்கு மட்டும் எந்த வயிற்றுப்போக்குக்கு என்று சொல்லுங்கள்.

மோர்ச்சட்டி:
மருத்துவமனையில ஒட்டுற கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் என்ற கிருமியால வர்ற வயிற்றுப்போக்குக்கு. சாதாரண வயிற்றுப்போக்குக்கு அந்தக் கணக்கு செல்லாது, சரிதான்.