தண்ணீர் பட்டு இறந்த லேப்டாப்: ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க்குகளை மீட்க முடியுமா?

தூறல்:
வணக்கம். முந்தாநாள் இரவு மேசையில் இருந்த தண்ணீர் பாட்டில் சாய்ந்து லேப்டாப் கீபோர்டு முழுக்கக் கொட்டிவிட்டது. திரை ஒருமுறை மின்னி அணைந்தது, அவ்வளவுதான். சார்ஜர் போட்டால் விளக்குகூட எரியவில்லை. பழுது பார்ப்பவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மதர்போர்டு போய்விட்டது என்கிறார்.

லேப்டாப் போனால் போகட்டும். அதில் இருந்த புக்மார்க்குகளை நினைத்தால்தான் மனது ஆறவில்லை. என் மகன் காது கேட்கும் கருவி போட்டு நாலு வருடம் ஆகிறது. அவனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதற்காக, அவன் தூங்கிய பிறகு தேடித்தேடிச் சேர்த்த பக்கங்கள் அவை. 'உதட்டசைவு', 'ர - ற', 'ஐந்து வயதுக்கு' என்று தனித்தனி ஃபோல்டர்கள். வீடியோ என்றால் எந்த நிமிடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்திருந்தேன். படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் நகல் உண்டு. இதற்கு மட்டும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் கணக்கு தொடங்கி, இணையத்திலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளும் சிங்க் வசதியைப் பயன்படுத்தியதும் கிடையாது. ஏதாவது வழி இருக்கிறதா?

இரவுப்பணி:
வழி இருக்கிறது, தைரியமாக இருங்கள். அந்த லேப்டாப்பை இனி சார்ஜரில் மட்டும் போடாதீர்கள். ஈரம் உள்ளே இருக்கும்போது மின்சாரம் கொடுத்தால் நன்றாக இருக்கும் பாகமும் கெட்டுவிடும்.

மதர்போர்டு போனால் டிஸ்க்கும் போயிற்று என்று அர்த்தமில்லை. உங்கள் புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்டு எல்லாமே டிஸ்க்கில் ஒரே ஃபோல்டரில் கிடக்கும் சில கோப்புகள்தான். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால் எடுத்துவிடலாம். மூன்று விஷயம் சொல்லுங்கள். டிஸ்க் தனியாகக் கழற்றும்படி இருக்கிறதா, போர்டிலேயே பற்றவைத்ததா? விண்டோஸில் எந்தக் கணக்கு வைத்து நுழைவீர்கள்? வேறு பிரவுசரும் பயன்படுத்தினீர்களா?

தூறல்:
ஒரு விரல் நீளத்துக்குப் பட்டை மாதிரி ஒன்று, ஒற்றைத் திருகில் நிற்கிறது. மேலே என்விஎம்இ என்று அச்சிட்டிருக்கிறது. விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் கணக்கு. வேலை சம்பந்தமான தளங்களுக்கு மட்டும் குரோம். பாஸ்வேர்டுகளை அதிலேயே சேமித்திருந்தேன்.

இரவுப்பணி:
ஒற்றைத் திருகு என்றால் நல்ல செய்தி. அந்தப் பட்டைதான் டிஸ்க், என்விஎம்இ என்பது அதன் வகை. அந்தப் பட்டையைப் போட்டு யூஎஸ்பியில் செருகுகிற பெட்டி கிடைக்கும், எம்.2 என்க்ளோஷர் என்று கேளுங்கள். இதே வடிவத்தில் சாட்டா வகை டிஸ்க்கும் உண்டு, அதற்கான பெட்டியில் உங்களுடையது வேலை செய்யாது. என்விஎம்இ பெட்டிதானா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

செருகியதும் விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் எக்காரணம் கொண்டும் சரி என்று அழுத்தாதீர்கள். டிஸ்க்கைச் சரிசெய்கிறேன் என்று எதையும் ஓட்டவும் வேண்டாம். படிக்க மட்டும் செய்வோம்.

பனங்கிழங்கு:
அக்கா, குரோம் பாஸ்வேர்டும் ஈஸிதான். யூசர் டேட்டா என்கிற ஃபோல்டரை அப்படியே புது கணினியில் போட்டுவிடுங்கள், எல்லாம் வந்துவிடும்.

இரவுப்பணி:
தம்பி, புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. குரோம் பாஸ்வேர்டுகளைப் பூட்டித்தான் 'லாகின் டேட்டா' என்ற கோப்பில் வைக்கிறது. அந்தப் பூட்டின் சாவி 'லோக்கல் ஸ்டேட்' கோப்பில் இருக்கிறது. அந்தச் சாவியையும் விண்டோஸ் அந்தப் பயனர் கணக்கோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கும். வேறு கணினிக்கு நகலெடுத்துப் போனால் தளத்தின் பெயரும் பயனர் பெயரும் தெரியும், பாஸ்வேர்டு திறக்காது.

தூறல், குரோமில் கூகுள் கணக்கோடு நுழைந்து சிங்க் செய்திருந்தால் கவலையே இல்லை, கூகுளின் பாஸ்வேர்டு மேனேஜர் பக்கத்தில் எல்லாம் இருக்கும். செய்யவில்லை என்றாலும், எந்தெந்தத் தளத்தில் எந்தப் பெயரில் கணக்கு என்று லாகின் டேட்டாவிலிருந்து பட்டியல் எடுக்கலாம். அது எஸ்கியூலைட் என்ற தரவுத்தள வகைக் கோப்பு, அவற்றைத் திறக்கும் எந்த மென்பொருளும் போதும். அதை வைத்து ஒவ்வொன்றாக 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபயர்ஃபாக்ஸ் அப்படியில்லை. 'கீ4.டிபி', 'லாகின்ஸ்.ஜேசன்' என்ற இரண்டு கோப்பும் சேர்ந்து வந்தால் பாஸ்வேர்டு திறந்துவிடும். சேமித்த பாஸ்வேர்டுகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரே பூட்டாகப் போடும் பிரைமரி பாஸ்வேர்டை வைத்திருந்தால் மட்டும் அதைக் கேட்கும். அது வைக்காத டிஸ்க்கை யாரிடமும் சும்மா கொடுத்துவிட்டு வராதீர்கள். அந்த இரண்டு கோப்பு யார் கையில் போனாலும் அவர்களுக்கும் திறக்கும்.

தூறல்:
பெட்டி வாங்கி மாட்டினேன். டிரைவின் மேல் பூட்டுப் படம் தெரிகிறது, 48 இலக்க மீட்பு எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போட்டதில்லையே! கையெல்லாம் நடுங்குகிறது அண்ணா.

இரவுப்பணி:
பயப்படாதீர்கள், இது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும்போது பல லேப்டாப்களில் விண்டோஸ் 11 தானாகவே டிஸ்க்கைப் பூட்டிவிடுகிறது. அதனால்தான் உங்கள் கணக்கைப் பற்றி முதலிலேயே கேட்டேன். சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அதே மின்னஞ்சலோடு மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்துக்குப் போய், சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் மீட்புச் சாவிகளைப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் 8 எழுத்துகள் எதோடு பொருந்துகிறதோ அதுதான் உங்களுடையது.

தூறல்:
திறந்துவிட்டது!! ஆறு ஆறாகப் பிரித்துப் படித்து அடித்தேன். ஆனால் என் பெயர் ஃபோல்டருக்குள் ஃபயர்ஃபாக்ஸ் எங்கேயும் இல்லையே?

இரவுப்பணி:
ஆப்டேட்டா ஃபோல்டர் மறைந்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். அனுமதி இல்லை என்றால் 'கன்டினியூ' அழுத்துங்கள், கொஞ்ச நேரம் எடுக்கும். அப்புறம் ஆப்டேட்டா, ரோமிங், மொசில்லா, ஃபயர்ஃபாக்ஸ், புரொஃபைல்ஸ் என்று உள்ளே போங்கள். இரண்டு ஃபோல்டர் இருக்கலாம். பெயர் 'டிஃபால்ட்-ரிலீஸ்' என்று முடிகிற, அளவில் பெரிய ஃபோல்டர்தான் வேண்டியது.

தூறல்:
கிடைத்தது. புக்மார்க்குகள் 'பிளேசஸ்.எஸ்கியூலைட்' கோப்பில் இருக்கும் என்று எங்கோ படித்ததால் அதை மட்டும் புது கணினியின் ஃபயர்ஃபாக்ஸ் ஃபோல்டரில் போட்டுப் பார்த்தேன். ஃபோல்டர்கள் எல்லாம் வந்துவிட்டன, பார்த்ததும் அழுதுவிட்டேன். ஆனால் தண்ணீர் கொட்டிய அன்று இரவு சேர்த்த மூன்று பக்கங்கள் மட்டும் இல்லை. 'ற' ஒலிக்கு நாக்கை எப்படி வைப்பது என்று காட்டும் வீடியோ அதில்தான் இருந்தது.

இரவுப்பணி:
அதுவும் எங்கேயும் போகவில்லை. பழைய டிஸ்க்கில் அந்தக் கோப்பின் பக்கத்திலேயே, அதே பெயரில் கடைசியில் '-வால்' (-wal) என்று சேர்ந்த இன்னொரு கோப்பு இருக்கிறதா பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் புதிய மாற்றங்களை முதலில் அதில்தான் எழுதும். பிறகுதான் பெரிய கோப்பில் சேர்க்கும். ஒழுங்காக மூடியிருந்தால் சேர்த்து முடித்திருக்கும். உங்களுடையது பாதியில் அணைந்ததால் அன்றைய பக்கங்கள் அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

ஒற்றைக் கோப்பாக எடுக்காமல், 'டிஃபால்ட்-ரிலீஸ்' என்று முடிகிற அந்த முழு புரொஃபைல் ஃபோல்டரையும் புது கணினிக்கு நகலெடுங்கள். அங்கே ஃபயர்ஃபாக்ஸைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவாருங்கள், ஏனென்றால் பழைய பதிப்பு தன்னைவிடப் புதிய பதிப்பில் ஓடிய புரொஃபைலைத் திறக்க மறுக்கும். முகவரிப் பட்டியில் அபவுட்:புரொஃபைல்ஸ் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, புதிய புரொஃபைல் உருவாக்கும்போது 'சூஸ் ஃபோல்டர்' கொடுத்து நகலெடுத்த ஃபோல்டரைக் காட்டுங்கள். பாஸ்வேர்டுகளும் அதோடு வந்துவிடும்.

இதிலும் வராவிட்டால் 'புக்மார்க்பேக்கப்ஸ்' என்ற ஃபோல்டர் இருக்கிறது. தேதியோடு 15 நகல்கள் வரை ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே வைத்திருக்கும். ஆனால் அதிலிருந்து ரீஸ்டோர் செய்தால் இப்போது இருக்கும் புக்மார்க்குகள் அழிந்து பழையவை வரும், அதனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பனங்கிழங்கு:
வால் கோப்பு பற்றி எனக்கும் இன்றுதான் தெரியும். குரோம் விஷயத்தில் தப்பாகச் சொன்னதற்கு மன்னியுங்கள் அக்கா.

தூறல்:
மன்னிப்பெல்லாம் எதற்குத் தம்பி, உடனே உதவ வந்தீர்களே.

வால் கோப்பு இருந்தது அண்ணா! நீங்கள் சொன்னபடி முழு ஃபோல்டரையும் எடுத்துத் திறந்தேன். மூன்று பக்கங்களும் வந்துவிட்டன. 'ற - நாக்கு நுனி - 4:10 முதல்' என்று நான் எழுதியதுகூட அப்படியே இருக்கிறது. குரோமில் சிங்க் இல்லை, பட்டியலை எடுத்து ஒவ்வொரு பாஸ்வேர்டாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். புக்மார்க்குகளை எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று வைத்தாயிற்று. பழைய டிஸ்க்கை அழித்துவிடலாமா?

இரவுப்பணி:
கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. டிஸ்க்கை ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். நினைவுக்கு வராத ஏதாவது ஒன்று அதில் இருக்கும், தேவைப்படும்போதுதான் தெரியும்.

தூறல்:
சரி அண்ணா, வைத்திருக்கிறேன். இப்போது பையன் பள்ளியிலிருந்து வந்துவிட்டான். அந்த 4:10 வீடியோவைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் உட்காரப் போகிறோம்.