சீலேஸ் என் நோகாடா, பொசோலே, செப்டம்பர் 15 இரவு: மெக்சிகோவில் இருப்பவர்கள் அனுபவம் பகிரலாம்

மேகலை_புவேப்லா

ஆகஸ்ட் கடைசியில இங்கே புவேப்லா ஊர்ல நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகல. அதான் இந்த இழையைத் தொடங்குறேன். சீலேஸ் என் நோகாடான்னா பழமும் கறியும் அடைச்ச மிளகாய், மேல வெள்ளை வால்நட் சாறு. இங்கே நிறைய பேருக்குத் தெரியும், அதுக்கு மேல விளக்கப் போறதில்ல. அந்த வெள்ளைச் சாறுக்கு வால்நட் உரிக்கிறது இருக்கே, அதைத்தான் சொல்லணும். புதுக் கொட்டையை உடைச்சு, பருப்பு மேல ஒட்டியிருக்கிற மெல்லிய தோலை நகத்தால கிள்ளிக் கிள்ளி எடுக்கணும். துளி தோல் தங்கினாலும் சாறு கசக்கும், நிறமும் மங்கிடும்.

எங்க வீட்டு ஓனரம்மாவோட அம்மா, எண்பதைத் தாண்டினவங்க, காலையில உட்கார்ந்தவங்க மதியம் வரைக்கும் எழுந்திருக்கல. பார்வை மங்கல். விரல் நுனியால தடவியே எங்கே தோல் மிச்சம் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. நகக்கண்ணெல்லாம் கறுத்துப் போச்சு.

சாப்பிட உட்கார்ந்தப்ப எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும்தான் முதல்ல தட்டு வந்தது. பெரிய பொப்லானோ மிளகாய், மேல வெள்ளைச் சாறு, மாதுளை முத்து, பார்ஸ்லி இலை. அந்தப் பாட்டி மட்டும் ஒரு தோர்த்தியாவுல, அதான் மக்காச்சோள ரொட்டியில, பீன்ஸ் வச்சு மடிச்சுச் சாப்பிட்டாங்க. ஏன்னு கேட்டேன். "காலையிலேர்ந்து வாசனை பிடிச்சே வயிறு நிறைஞ்சிடுச்சு மகளே"ன்னாங்க. எங்க அம்மாச்சியும் தீபாவளிக்கு முறுக்கு சுட்டு முடிச்சதும் இதையேதான் சொல்லும். நிஜமாவே நிறைஞ்சுதா, இல்ல என் தட்டுல இருந்தது அவங்க பங்கா?


கரிசல்காட்டான்

அக்கா, எனக்குச் சாப்பாட்டுக் கதை பெருசா இல்ல. கேரேத்தரோ நகரத்துல கிரீத்தோ பார்த்ததைச் சொல்றேன். செப்டம்பர் 15 ராத்திரி மாடத்துல இருந்து சுதந்திரப் போர்த் தலைவர்கள் பேரைச் சொல்லி "வீவா" (வாழ்க)ன்னு முழங்குற சடங்கு அது. அர்மாஸ் சதுக்கத்துல மாநில அரசு மாளிகை இருக்குல்ல, அங்கேதான் ஹோசேஃபா ஓர்த்தீஸை அவங்க புருஷன் அறையில வச்சுப் பூட்டினார். 1810ல ஸ்பெயினுக்கு எதிரா ஹோசேஃபாவும் சேர்ந்து போட்ட கிளர்ச்சித் திட்டம் வெளியே தெரிஞ்சிடுச்சுன்னதும், பூட்டின அறைக்குள்ள இருந்தே குதிகாலால தரையைத் தட்டி, கீழே இருந்த சிறைக் காவலரைக் கூப்பிட்டு, அவர் மூலமாச் சேதி அனுப்பினாங்க. அந்தச் சேதி போய்ச் சேர்ந்துதான் தொலோரெஸ்ல பாதிரியார் இதால்கோ செப்டம்பர் 16 விடியக்காலையில மணியடிச்சு ஜனத்தைக் கூட்டினார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

மாடத்துல இருந்து ஒவ்வொரு பேராச் சொல்லச் சொல்ல கூட்டம் "வீவா"ன்னு கத்துது. இதால்கோ, மொரேலோஸ், அயேந்தே. ஹோசேஃபா பேர் வந்தப்போ சத்தம் ரெண்டு மடங்காச்சு. என் பக்கத்துல அம்மா கையைப் பிடிச்சிக்கிட்டு ஏழெட்டு வயசுப் பொண்ணு ஒண்ணு. அது கத்தவே இல்ல. ஷூ காலால கல்தரையை மூணு தடவை ஓங்கி மிதிச்சுது, நிமிர்ந்து மாடத்தைப் பார்த்துச்சு. யாரும் கவனிக்கல. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. இப்ப எழுதும்போதும்.

அப்புறம் தள்ளுவண்டியில பொசோலே, அதான் மக்காச்சோள மணியும் கறியும் வேகவைச்ச சூப், வாங்கிக் குடிச்சேன், நல்லா இருந்தது. 16ஆம் தேதிக் கொண்டாட்டத்தை 15 ராத்திரிக்கு மாத்தினது சர்வாதிகாரி போர்ஃபீரியோ தீயாஸ்தானாம், 15 அவர் பிறந்தநாளாம். ஆபீஸ்ல சொன்னாங்க.


ஏட்டுச்சுவடி

கரிசல்காட்டான், அந்தத் தீயாஸ் கதை மெக்சிகோ முழுக்க உலவுகிறது, ஆனால் சரியில்லை. பிறந்தநாள் செப்டம்பர் 15 என்பது மட்டும் உண்மை. 1876இல் அவர் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்பே 15ஆம் தேதி இரவில் கொண்டாடும் பழக்கம் வந்துவிட்டது. அவர் செய்தது வேறு. 1896இல் தொலோரெஸ் தேவாலயத்து மணியைத் தலைநகருக்குக் கொண்டுவந்து, தேசிய அரண்மனையின் மாடத்துக்கு மேலே தொங்கவிட்டார். ஜனாதிபதி இரவு 11 மணிக்குக் கயிற்றை இழுத்து அடிப்பது அந்த மணியைத்தான். 2025இல் அதை அடித்த கிளவுடியா ஷெய்ன்பாம், ஜனாதிபதியாக கிரீத்தோ கொடுத்த முதல் பெண்.

நோகாடாவின் பிறப்புக் கதை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை உறுத்துவது அங்கேதான் இருக்கிறது. 1821 ஆகஸ்ட் 24இல், மெக்சிகோவின் சுதந்திரத்தை ஏற்ற கோர்தோபா உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகு, தளபதி அகுஸ்தீன் தே இத்தூர்பிதே புவேப்லாவுக்கு வருகிறார். 28ஆம் தேதி புனித அகுஸ்தீன் திருநாள், அதாவது அவர் பெயருக்குரிய நாள். சாந்தா மோனிக்கா கன்னிமாடத்துச் சகோதரிகள் அவருடைய படைக்கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பை ஒரே தட்டில் கொண்டுவந்தார்கள் என்பார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. ஒரே விருந்துக்காக ஒரே நாளில் பிறந்த பதார்த்தமாக அது தெரியவில்லை. மிளகாய் அந்த மண்ணுடையது. வால்நட், மாதுளை, பீச், பேரி, ஆப்பிள், பன்றி இறைச்சி எல்லாம் ஸ்பானியர்களோடு வந்தவை. அவை ஒரு பூரணமாகக் கூடிவரப் பல தலைமுறை அடுப்புகள் எரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கன்னிமாடம் இப்போது அருங்காட்சியகம். சட்டம் கன்னிமாடங்களை மூடிய பிறகும் சகோதரிகள் அங்கே ரகசியமாக வாழ்ந்து, 1934இல்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். நான் போன அன்று பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். வழிகாட்டி சமையலறையில் நின்று இத்தூர்பிதே கதையை அழகாகச் சொல்லி முடித்தார். ஒரு சிறுவன் கையைத் தூக்கி, "சமைத்த அம்மாக்களின் பெயர் என்ன?" என்று கேட்டான். அவரிடம் பதில் இல்லை. தளபதியின் பெயர், உடன்படிக்கையின் தேதி, கொடியின் நிறம் எல்லாம் இருந்தன. சமைத்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஆசிரியை அடுத்த அறைக்குப் போகலாம் என்றார். அந்தப் பையன் மட்டும் திரும்பித் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டே போனான்.


குழம்புச்சட்டி

மேகலை, உங்க தட்டுல வந்தது பாட்டியோட பங்குதான்னு நான் அடிச்சுச் சொல்வேன். போபோகாதேபெத்ல் எரிமலை அடிவாரத்துல கால்பான் பக்கத்துத் தோட்டங்கள்ல விளையுற அந்த காஸ்தியா வால்நட் என்ன விலைன்னு சந்தையில கேட்டுப் பாருங்க. சீசனே ஜூலையில தொடங்கி செப்டம்பரோட முடிஞ்சிடும். வீட்ல தலைக்கு ஒண்ணுன்னு எண்ணித்தான் செய்வாங்க. எதிர்பாராம விருந்தாளி வந்தா யார் பங்கு குறையும்? நம்ம வீட்டுலயும் அப்படித்தானே?

இன்னொண்ணு, முட்டை மாவுல தோய்ச்சுப் பொரிக்கிற வேலை தேவையே இல்ல. நான் தலைநகர்ல சாப்பிட்டது பொரிக்காதது. மிளகாயோட சுட்ட வாசனை அப்படியே தெரிஞ்சுது, சாறும் வழுக்கி ஓடாம நின்னுச்சு. பொரிச்சா எண்ணெய் மேல வந்து வால்நட் ருசியை அமுக்கிடும். புவேப்லாக்காரங்க இதை ஏன் பிடிவாதமாச் செய்றாங்கன்னு எனக்குப் புரியல.


புதுவரவு22

மெக்சிகோ சுதந்திர தினம் மே 5 தானே? அமெரிக்காவுல எங்க ஏரியாவுல அன்னிக்குத்தான் டாக்கோ கடையெல்லாம் கூட்டம் தாங்காது.


மேகலை_புவேப்லா

இல்லைங்க புதுவரவு. மே 5 இந்த ஊர்ச் சண்டை. 1862ல லொரேத்தோ, குவாதலூபே கோட்டைகள்கிட்ட இக்னாசியோ சாரகோசா தலைமையில பிரெஞ்சுப் படையைத் திருப்பி அடிச்ச நாள். புவேப்லாவுல ஊர்வலம் போகும், நானே பார்த்திருக்கேன். நாட்டுக்குச் சுதந்திர தினம் செப்டம்பர் 16. ரெண்டுக்கும் நடுவுல அம்பது வருஷத்துக்கு மேல.

குழம்புச்சட்டி அண்ணா, பொரிக்காத நோகாடாவை இங்கே கொண்டுவந்து வச்சீங்கன்னா எங்க ஓனரம்மா தட்டைத் தள்ளி வச்சிடுவாங்க. அந்த முட்டைப் போர்வைதான் உள்ளே இருக்கிற பழம், கறி, சாறு மூணையும் சேர்த்துப் பிடிக்குதுன்னு சொல்வாங்க. எண்ணெய் வடிய வடிய வச்சா அது சமைச்சவங்க கைக்குறை, முறையோட குறை இல்ல.

பாட்டி விஷயம் ஓனரம்மாகிட்டயே கேட்டுட்டேன். உள்ளே இன்னும் மிளகாய் இருந்துச்சாம். எல்லாரும் கிளம்பின பிறகு, மறுநாள் காலையில, சில்லுனு தனியா உட்கார்ந்து சாப்பிடுறதுதான் அவங்களுக்குப் பிடிக்குமாம். பங்கு குறையல, சரி. ஆனா அவ்வளவு நேரம் உரிச்சவங்களோட சேர்ந்து உட்கார்ந்து அதைச் சாப்பிட எனக்கு ஆசையா இருந்தது. அது நடக்கல.


தலைநகர்_வாணி

2020 எனக்கு மறக்காது. கொரோனா. தேசிய அரண்மனை முன்னாடி இருக்கிற சோக்கலோ சதுக்கத்துல ஒரு ஜனம் இல்ல. ஜனாதிபதி வெறும் தரையைப் பார்த்து "வீவா மெஹிகோ"ன்னு கத்துறார், டிவியில பார்க்கிறோம். திடீர்னு எங்க அடுக்குமாடி ஜன்னல் ஒவ்வொண்ணாத் திறக்குது. எதிர் கட்டிடம், பின்பக்கக் கட்டிடம், எல்லாப் பக்கத்துலேர்ந்தும் பதிலுக்கு "வீவா!" நாலாவது மாடித் தாத்தா கரண்டியால பொசோலே அண்டாவைத் தட்டினார். அரை மணி நேரத்துல எங்க கதவு வாசல்ல மூடி போட்ட பாத்திரம் ஒண்ணு இருந்தது. வச்சது யார்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பாத்திரத்தை யார்கிட்ட திருப்பிக் கொடுக்கிறதுன்னு தெரியாம இன்னும் நானேதான் வச்சிருக்கேன்.


சோளக்கதிர்

வாணி சொன்னதும் ஞாபகம் வந்தது. குவாதலஹாராவுல பக்கத்து வீட்டு அண்டா மூடியைத் திறந்தப்போ வந்த வாசனை எனக்கு நல்லாப் பழகின சுண்ணாம்பு வாசனை! வெற்றிலைச் செல்லத்துல இருக்கிற அதே சுண்ணாம்பு.

இங்கே யாரும் செய்முறை சொல்லலங்கிறதால நான் சொல்றேன். ஊருக்குப் போய்ச் செய்றவங்க கவனிங்க. இனிப்புச் சோளம் ஆகவே ஆகாது. காய்ந்த மக்காச்சோளம்தான் வேணும். இங்கே காகவாசிந்த்லேன்னு பெரிய வெள்ளை மணி கிடைக்கும், நம்ம ஊர்ச் சோளம் அதைவிடக் கெட்டி, அதனால கூடுதல் நேரம் வேகணும். ஒரு கிலோ சோளத்துக்கு மூணு லிட்டர் தண்ணீர், நீர்த்த சுண்ணாம்பு 10 கிராம், அதாவது நூத்துக்கு ஒண்ணு. சாப்பாட்டுக்கு உதவுற சுண்ணாம்பா இருக்கணும், வெள்ளையடிக்கிறது வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தைத் தொடாதீங்க, சுண்ணாம்பு அதை அரிச்சிடும். எவர்சில்வர் அல்லது மண்பானை. அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, இறக்கி மூடி, ராத்திரி முழுக்க ஊறவைங்க. காலையில மணி மஞ்சளா மாறியிருக்கும், தோல் வழவழன்னு கழன்று வரும். நாலஞ்சு தண்ணியில நல்லாத் தேய்ச்சுக் கழுவணும். ஒவ்வொரு மணியோட அடி மூக்கையும் கிள்ளி எடுத்தாத்தான் வேகும்போது பூ மாதிரி விரியும். அப்புறம் கறியோட, பூண்டோட மூணு மணி நேரமாவது வேகவைங்க. உப்பைக் கடைசியில போடுங்க.

இதை வெறும் பக்குவம்னு நினைக்காதீங்க. சுண்ணாம்பு இல்லாம சோளத்துல இருக்கிற நியாசின்ங்கிற வைட்டமின் உடம்புல சரியாச் சேராது. மெக்சிகோ ஜனம் ஆயிரக்கணக்கான வருஷமா இந்தச் சுண்ணாம்பு வேலையைச் செய்துகிட்டிருந்தது. ஐரோப்பாக்காரங்க விதையை மட்டும் எடுத்துட்டுப் போனாங்க, பக்குவத்தை விட்டுட்டாங்க. சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலி, ஸ்பெயின் ஏழைகள், பிறகு அமெரிக்கத் தென்மாநில ஏழைகள், அந்த நியாசின் குறைவால பெல்லக்ராங்கிற நோய் வந்து தோல் வெடிச்சு, புத்தி கலங்கிச் செத்தாங்க. ஒரு பாட்டியைக் கேட்டிருந்தா போதும். இதை நினைச்சா எனக்கு இன்னும் கோபம் வரும்.


தென்றல்_குவரேரோ

சோளக்கதிர் சார், எல்லாம் சரி, ஒண்ணை விட்டுட்டீங்க. உங்க குவாதலஹாரா இருக்கிற ஹாலிஸ்கோ மாநிலத்துச் சிவப்புப் பொசோலேவை மட்டும் மனசுல வச்சு எழுதியிருக்கீங்க. எங்க குவரேரோ மாநிலத்துல பச்சை. பூசணி விதையை வறுத்து அரைச்சு, புளிப்புக்கு, பச்சைத் தக்காளி மாதிரி இருக்கிற தொமாத்தியோ காய் சேர்த்துக் கொதிக்கவைக்கிறது. சுதந்திர தினம் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், வியாழக்கிழமைதோறும் பொசோலே நாள்தான். கடைகள்ல இடம் கிடைக்காது.

கறி சாப்பிடாதவங்களுக்கு இந்தப் பச்சைதான் தோது. கறிச்சாறுக்குப் பதில் காளான் வேகவைச்ச தண்ணி ஊத்துங்க, விதை அரைச்சதே கெட்டித்தன்மை கொடுத்துடும். நான் செய்து பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். ஒரு வாய் வச்சாங்க, முள்ளங்கியும் ஓரிகானோவும் அள்ளிப் போட்டாங்க, எலுமிச்சை பிழிஞ்சாங்க, மறுபடி ருசி பார்த்தாங்க. "கறி எங்கே?"ன்னு மட்டும் கேட்டாங்க. கிண்ணத்தைக் காலி பண்ணிட்டுத்தான் கேட்டாங்க.