ரன்டைமுக்கு ‘எரிநேரம்’ மட்டும் போதுமா?

ஐயாவுக்கும் குழுவுல உள்ள மத்தவங்களுக்கும் வணக்கம். டார்ச்சு பெட்டில இருக்கற இங்கிலீஷ் சொல்லுக்கெல்லாம் தமிழ்ல பட்டியல் போடுறோம்ல, அதுல ரன்டைமுக்கு, அதாவது டார்ச்சு எவ்வளவு நேரம் எரியும்ங்கற கணக்குக்கு, ஐயா எழுதுனது இது:

> ரன்டைம் = எரிநேரம். ‘ஒளிர்நேரம்’ வேண்டாம், யாரும் வீட்ல “லைட்டு ஒளிருதா”ன்னு கேக்கறதில்ல.

இதுல எனக்கு முழுச் சம்மதம் ஐயா. எல்இடில எங்க எரியுது, திரியா எண்ணெயான்னு போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தாப்ல, தெருவிளக்கு எரியுது, டிவில செவப்பு லைட்டு எரியுதுன்னுதான் எல்லார் வாயிலயும் வருது, அதுல சண்டை இல்ல. என் பிரச்சினை வேற. அட்டைப்பெட்டில ரன்டைம்னு போடுற நம்பருக்குள்ள ரெண்டு சங்கதி ஒளிஞ்சிருக்கு, ரெண்டுக்கும் சேத்து ஒரே சொல்லக் குடுத்தா அந்தக் குழப்பத்தையும் தமிழாக்கம் பண்ணிட்டோம்னு ஆயிரும்.

எங்க வயலு மேலூர் பக்கம். கிணத்து மோட்டாருக்கு த்ரீ பேஸ் ராத்திரி முறைன்னு வந்துட்டா பன்னெண்டு மணிக்கு மேல தனியா போயி மடை மாத்தணும். எங்கப்பா காலத்துல மூணு கட்டை (பேட்டரி) போடுற பித்தளை எவரெடி டார்ச்சு இருந்துச்சு, ஒரு கட்டையே 6 சென்டிமீட்டருக்கு மேல, மூணயும் அடுக்கி மூடுனா ஒரு சாணுக்கு மேல வந்துரும், ஆளையே அடிக்கலாம் அம்புட்டு கனம். ஆனா ஒண்ணு, கட்டை தீரப் போகுதுன்னா பைய மஞ்சக் கட்டும், நாலு நாளைக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். இப்ப நான் வாங்குனது கட்டைவிரலை விட கொஞ்சம் பெருசு, பெட்டில 1000 லூமென் (வெளிச்சத்தோட அளவு), 3 மணி நேரம்னு போட்டிருந்தான். நானும் ஆயிரம் லூமென்ல மூணு மணி நேரம்னுதான் படிச்சேன், நீங்களும் அப்படித்தான் படிச்சிருப்பீங்க.

மொத ராத்திரி சூப்பரா இருந்துச்சு, எதிர் வரப்புல தவக்களை உக்காந்திருக்கிறது கூட தெரிஞ்சிச்சு. ரெண்டு மூணு நிமிஷத்துல உடம்பு சுட ஆரம்பிச்சு துண்டை சுத்திப் பிடிச்சேன், அப்புறம் மடைகிட்ட குனிஞ்சு மண்ணை வெட்டிட்டு நிமுந்து பாத்தா எதிர் வரப்பக் காணோம். எப்பக் கொறஞ்சுச்சுன்னே தெரியல, கண்ணு அதுபாட்டுக்குப் பழகிருது.

மறுநாள் வீட்ல சோதிச்சேன். ரூமை இருட்டாக்கி, டார்ச்சை ஒரு சொம்புக்குள்ள நிமுத்தி வச்சு சீலிங்க பாக்க விட்டு, போன்ல வெளிச்சம் அளக்கற லக்ஸ் ஆப்பப் பாத்து பழைய காலண்டர் தாள்ல எழுதிக்கிட்டே வந்தேன் (வீட்டுக்காரம்மா இது என்ன கிறுக்குன்னு ரெண்டு தடவ எட்டிப் பாத்தாங்க). ஆரம்பத்துல 200. நாலாவது நிமிஷம் 70. அந்த 70லயே ரெண்டு மணி நேரத்துக்கு மேல அசையாம நின்னுச்சு. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சு மூணு மணி சுமாருக்கு 20க்கு வந்துச்சு.

அப்பத்தான் எஃப்எல்1ங்கற விதியைத் தேடிப் படிச்சேன். 2009ல அமெரிக்காவுல டார்ச் கம்பெனிங்க சேந்து கொண்டு வந்த தரநிலை, பெட்டில இருக்கற சின்னச் சின்னப் படமெல்லாம் அதுல வர்றதுதான். அதுல ரன்டைம்னா, சுவிட்சப் போட்டு 30 வினாடில எவ்வளவு வெளிச்சம் இருக்கோ அதுல பத்துல ஒரு பங்கா கொறையற வரைக்கும். அதாவது ஆயிரம் லூமென் டார்ச்சு நூறு லூமென்னுக்கு விழுற வரைக்கும் கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். அப்ப பெட்டிக்காரன் பொய் சொல்லல, அதான் எனக்கு வயித்தெரிச்சலே.

கணக்குப் போட்டாலும் இது தெரிஞ்சிரும். இந்த மாதிரி டார்ச்சுல போடுற நல்ல 18650 செல்லு (18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், பேரே அதான்) 3500 மில்லி ஆம்பியர் அவர், 3.6 வோல்ட், பெருக்குனா 12.6 வாட் அவர். ஒரு வாட்டுக்கு சுமாரா நூறு லூமென்னு வச்சா ஆயிரம் லூமென்னுக்கு ஒண்ணேகால் மணி நேரம், நூறு லூமென்னுக்கு பன்னெண்டு மணி நேரம். கொஞ்சம் பெரிய 21700 செல்லு போட்டா 5000 கிடைக்கும், ஆனா டவுசர் பாக்கெட்டு இழுக்கும். வெளிச்சத்தக் கூட்டுனா நேரம் கொறஞ்சே தீரும், ரெண்டும் வேணும்னா சைஸு கூடும், அதுபோக 10 வாட்ட கட்டைவிரல் அளவு அலுமினியத்துக்குள்ள அடைச்சா சூடு எங்க போகும், அதான் உள்ள இருக்கற சர்க்யூட்டே கொறைச்சிக்கிருது. சின்ன 18650ல 9900னு போட்டு விக்கிறதெல்லாம் சுத்த டூப்பு, அது தனிக் கதை.

இப்ப சொல்லுக்கு வாறேன். என் காலண்டர் தாள்ல மூணு கட்டம் இருக்கு. மொதல்ல குப்புன்னு எரியிற நாலு நிமிஷம், பால் பொங்குற மாதிரி பொங்கி அடங்கிருது, அதுக்கு ‘பொங்கொளி’ன்னு வைக்கலாமான்னு தோணுது. பொங்கி அடங்குறதுக்கு ‘அடங்கல்’னு வைக்கப் பாத்தேன், எங்க ஊர்ல அடங்கல்னா விஏஓ ஆபீஸ்ல கெடக்குற ரிஜிஸ்டர்தான் ஞாபகம் வரும், ஆள விடுங்க. அடுத்தது அந்த ரெண்டு மணி நேரம். குத்துவிளக்கு காத்துல ஆடாம இருந்தா நம்ம வீட்ல என்ன சொல்லுவாங்க, “விளக்கு நின்னு எரியுது”ம்பாங்க. அதத்தான் எடுத்துக்கிறேன்: ‘நின்றெரி நேரம்’. மூணாவதா வடியுற கட்டம் வரைக்கும் சேத்து, பெட்டில போடுற பத்துல ஒரு பங்கு கணக்குக்கு ஐயா சொன்ன எரிநேரமே இருக்கட்டும். ரெண்டும் வேற வேற, ரெண்டும் வேணும்.

*

தம்பி,

சோதனை பிரமாதம், சொம்பு யோசனையை நானும் செஞ்சு பாக்கறேன். ஆனா ரெண்டு ஆட்சேபம். ஒண்ணு, இங்கிலீஷ்ல ரன்டைம்னு ஒரே சொல்லுதான பொட்டில இருக்கு, அதுல இல்லாத ஒண்ணுக்கு நாம சொல் பண்ணி யாருக்கு ஆகப்போகுது? நம்ம பட்டியல் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு போகுது. ரெண்டு, நின்றெரி நேரம்னு அட்டைல எழுத இடம் பத்தாது, ‘நிலைநேரம்’னா சுருக்கமா இருக்குமே. பொங்கொளி எனக்குப் பிடிச்சிருக்கு, அதை அப்படியே வச்சிக்கலாம்.

*

ஐயா,

நிலைநேரம்னா பஸ் ஸ்டாண்டுல வண்டி நிக்கிற நேரம் மாதிரி இருக்கு, எரியுறதுங்கறதே அதுல இல்லையே. ‘நின்றெரி’ன்னு மட்டும் போட்டு பக்கத்துல நம்பரப் போட்டாப் போதும், இடம் பத்தும்.

ஒண்ணுக்கு ஒண்ணு விஷயத்துல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். மதுரை கீழமாசி வீதி பக்கம் டார்ச்சு கடைக்காரர்கிட்ட ஆளுக வந்து கேக்கறத நின்னு கேட்டேன், ஒருத்தரும் ரன்டைம் எவ்வளவுன்னு கேக்கல, “சார்ஜு எம்புட்டு நேரம் நிக்கும்ணே?”ன்னுதான் கேக்கறாங்க. அந்தக் கேள்விக்குப் பெட்டில பதிலே இல்ல. சொல்லு ஏற்கனவே சனங்க வாயில இருக்கு, நாம எழுதி வைக்கல, அவ்வளவுதான். அந்தக் கடையிலருந்து கொஞ்ச தூரத்துலதான் விளக்குத்தூண் இருக்கு, பிளாக்பர்ன் கலெக்டர் ஞாபகமா நட்டது, அந்த வெள்ளைக்காரர் பேரப் போட்டுத்தான் வச்சாங்க, நம்மாளு அதப் பாத்தான், தூணு மேல விளக்கு, விளக்குத்தூண்னு சொல்லிட்டுப் போயிட்டே இருந்தான், இப்ப அந்த ஏரியாவுக்கே அதான் பேரு. இங்கிலீஷ்ல என்ன இருக்குன்னு அவன் பாக்கல.

பட்டியல்ல இப்படிப் போடலாம்னு நெனைக்கிறேன், திருத்துங்க: “நின்றெரி நேரம் – பொங்கொளி அடங்கிய பின், கைவிளக்கு ஒரே அளவு வெளிச்சத்தில் எரியும் நேரம், லூமெனோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.” கடைசித் துண்டு முக்கியம், லூமென் சொல்லாம நேரத்த மட்டும் போட்டா மறுபடி பழைய பெட்டி மாதிரிதான். என் டார்ச்சுக்கு 350 லூமென்ல (ஆப்புல 200க்கு 70ன்னா ஆயிரத்துக்கு 350) ரெண்டு மணி நின்றெரி, மூணு மணி எரிநேரம்.

எவ்வளவு ஆடுனா நின்னு எரியலைன்னு சொல்றது, பத்து சதவீதமா இருபதாங்கறது மட்டும் இன்னும் எனக்குத் தெளியல. இயற்பியல் நடத்துனவரு நீங்க, அதை நீங்கதான் சொல்லணும். தூரம் அடிக்கறதுக்கு ‘வீச்சு’ன்னு யாரோ போட்டிருக்காங்க, அது பள்ளிக்கூடப் புத்தகத்துல அலையோட ஆம்ப்ளிட்யூடுக்குப் போயிருச்சு, அதுக்குத் தனி இழை ஆரம்பிங்க.