வெளிநாட்டுக்காரர் ஏலம் எடுத்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. இணைய ஏலத்தில் பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ்களை விற்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஏலம் எடுப்பவர்களிடம்தான் தடுமாறுகிறேன்.

இப்போது ஒருவர் ஏலத்தில் ஜெயித்துவிட்டு, "சுங்கப் படிவத்தில் 'பரிசு' என்று போடுங்கள், விலையையும் பாதியாகக் காட்டுங்கள்" என்கிறார். அது பொய்க் கணக்கு. பார்சல் தொலைந்தால், எழுதிய மதிப்பை வைத்துத்தான் இழப்பீடும் பேசுவார்கள். முடியாது என்றுதான் சொல்லப்போகிறேன். ஆனால் கோபத்தில் மோசமான ரேட்டிங் போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வீர்கள்?

அப்புறம் வரி. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் 22 யூரோ வரையிலான இறக்குமதிப் பொருள்களுக்கு இருந்த வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கை எடுத்துவிட்டது. அமெரிக்காவும் 2025 ஆகஸ்டில் 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு இருந்த இறக்குமதி வரிச் சலுகையை நிறுத்திவிட்டது. வாங்குபவர் பலருக்கு இது தெரிவதில்லை. வரி கேட்டதும் பார்சலை வாங்க மறுத்தால், திரும்பி வரும் செலவு நம் தலையில்தான். "இறக்குமதி வரி வாங்குபவர் பொறுப்பு" என்று பொருள் விவரத்திலேயே போட்டால் போதுமா, ஏலம் முடிந்ததும் தனியாக எழுதி ஒப்புதலும் வாங்குகிறீர்களா?

பணம் வாங்கும் இணையச் சேவையான பேபாலில் வாங்குபவர் 180 நாள் வரை புகார் கொடுக்கலாம் என்பதால் டிராக்கிங் இல்லாமல் அனுப்புவதில்லை. சின்னப் பொருளுக்கு அந்தச் செலவே விலையைத் தாண்டிவிடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், 'பரிசு' என்று போடச் சொன்னவருக்கு இன்றே பதில் எழுத வேண்டும்.