தலை எப்போதும் குதிகாலுக்கு மேலேதானே இருக்கிறது?

பாளையங்கோட்டை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் நேற்று ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ என்ற தொடருக்கு, ஒருவரிடம் மனத்தை முற்றிலும் பறிகொடுத்து நிற்பது என்று பொருள் சொன்னேன். உடனே ஒரு மாணவன் எழுந்து, “டீச்சர், தலை எப்பவும் குதிகாலுக்கு மேலதானே இருக்கு?” என்று கேட்டுவிட்டான். ‘கிக் த பக்கெட்’ என்றால் சாவு, ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்றால் பெருமழை என்று நடத்தும்போதும் இதே சங்கடம்தான். மனப்பாடம் செய்யச் சொல்வதைத் தவிர வேறு வழி உண்டா?

வள்ளியூர், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்:
மாணவன் கேட்டது முற்றிலும் சரி. பழைய வழக்கு ‘ஹீல்ஸ் ஓவர் ஹெட்’, அதாவது தலைக்கு மேலே குதிகால் என்பதே. குறுக்குத்துறையில் பிள்ளைகள் ஆற்றுக்குள் குட்டிக்கரணம் அடிப்பதை நினைத்துக்கொண்டால் தொடர் உடனே விளங்கிவிடும். 18ஆம் நூற்றாண்டில் சொற்கள் இடம் மாறின, குட்டிக்கரணம் என்ற பொருள் அப்போது மாறவில்லை. மனத்தைப் பறிகொடுப்பது என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்ததுதான். மழைத் தொடரை எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியான தம் நூலில் எடுத்தாண்டிருக்கிறார். வைக்கோல் கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்தன என்று கைப்பேசியில் சுற்றும் கதையை மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். கூரைமேல் ஏறிப் படுத்த நாயை நான் இதுவரை கண்டதில்லை.

அம்பாசமுத்திரம், தமிழாசிரியர்:
நம் மரபுத்தொடர்களிலிருந்தே தொடங்கலாமே. கம்பி நீட்டியவன் கையில் கம்பி இல்லை, பேய்மழையில் பேயும் இல்லை. ஏமாற்றுவதை ‘அல்வா கொடுத்தான்’ என்கிறோம், “திருநெல்வேலிக்கே அல்வாவா?” என்று கேட்டால் நம் பிள்ளைகள் யாரும் இலையை விரிக்க மாட்டார்கள். பொருளைவிட, எந்த இடத்தில் எதைச் சொல்லலாம் என்பதே முதலில் கற்பிக்க வேண்டியது என்பேன். ‘கிக் த பக்கெட்’ என்பது ‘மண்டையைப் போட்டான்’ என்பதைப் போன்ற கேலிப்பேச்சு. அமங்கலமானதை நல்ல சொல்லால் சொல்வதை நன்னூல் மங்கலம் என்று வகுத்துக் காட்டுகிறது; அந்த முறையில் நாம் ‘இயற்கை எய்தினார்’ என்று எழுதும் இரங்கல் கடிதத்தில், ஒரு மாணவன் அந்தத் தொடரைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பாளையங்கோட்டை ஆசிரியை:
மிக்க நன்றி. நாளை அல்வாவிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் அந்த வாளி எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்காமல் விடமாட்டான்.

வள்ளியூர், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்:
அது வாளியே அல்ல என்பது பலர் ஏற்கும் விளக்கம், அம்மா. இங்கிலாந்தின் சில வட்டார வழக்குகளில், அறுக்கும் பன்றியைக் காலைக் கட்டித் தொங்கவிடும் விட்டத்துக்கும் ‘பக்கெட்’ என்றே பெயர். உயிர் போகும் துடிப்பில் அதன் கால்கள் அந்த விட்டத்தை உதைக்கும்.